தொடையெலும்புக்கு நூற்று நாற்பத்து மூன்று பேர்

சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த ஒரு பெயிண்டரின் வலி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வெளியே கூடத்தில் சீட்டோடு காத்திருந்த முப்பத்தொரு பேருக்குச் சமமாகப் பங்கு பிரிந்து போனது. பெயிண்டருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக மொத்தம் முப்பத்திரண்டு. கூடத்தில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் ‘ஸ்ஸ்’ என்று இழுத்து, ஒரே நேரத்தில் குனிந்து, இடது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே தடவிக்கொண்டார்கள். மூட்டைப்பூச்சியாக இருக்கும் என்று சிலர் பெஞ்சைப் புரட்டிப் பார்த்தார்கள். மின்கசிவு என்று ஒருவர் அடித்துச் சொன்னதால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்விட்சுப் பலகையைக் கழற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே பெயிண்டரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பஞ்சு சிஸ்டர். மரச் சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே விரல் கனத்துக்குப் பஞ்சு வைக்காமல் அவள் யாருக்கும் கட்டுப் போட்டதில்லை. மூன்று வார்டுக்கான பஞ்சை இவள் ஒருத்தியே தீர்க்கிறாள் என்று ஸ்டோர்காரர் வருஷம் தவறாமல் மேலிடத்துக்குக் கடிதம் எழுதி வந்தார். அந்தக் கடிதங்களிலிருந்துதான் பட்டப்பெயரே வந்தது. பதினெட்டு வருஷமாக அவசரப் பிரிவில் இருப்பவள். வந்தவர்களிடம் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. கத்துகிறவர்கள் பத்து என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள். மூலையில் சத்தமில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறவர்கள் இரண்டு என்பார்கள். அவள் அந்த இரண்டை அடித்துவிட்டு எட்டு என்று எழுதுவாள். எத்தனை எழுதினாலும், வலி ஊசி இருந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவள் இடுப்பில், இன்னொன்று டாக்டரின் கோட்டுப் பையில். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டால் சாவியும் கூடவே போய்விடும். அந்த நேரங்களில் அவள் சொல்ல வேண்டியிருந்த ஒரே வாக்கியம், “கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்பது. ஒரு நாளைக்கு நாற்பது முறை அதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கும்போதுகூட அடுப்பைப் பார்த்து அதையே சொல்லிவிடுவாள். அந்த வாக்கியத்தை அவள் மனதார வெறுத்தாள்.

அன்றைக்கும் சாவி தியேட்டருக்குள் இருந்தது. பெயிண்டர் அவள் முகத்தைப் பார்த்து, “வலிக்குது சிஸ்டர்” என்றார். அவள் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தாள். ஏனோ அன்றைக்கு அது வரவில்லை. முறிந்த இடத்துக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து, “தெரியுதுங்க” என்று மட்டும் சொன்னாள். பெயிண்டர் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். பிறகு, தான் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை யாரோ கை மாற்றி வாங்கிக்கொண்டதுபோல, “இப்ப அவ்வளவா இல்லையே” என்றார். வெளியே முப்பத்தொரு பேர் குனிந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பங்கோடு கூட இன்னொன்றும் வந்தது என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. எலும்பு முறிந்த அந்த நொடியில் அந்த ஆளின் மனதில் என்ன இருந்ததோ, அதிலும் ஒரு துளி எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. பெயிண்டர் கட்டோடு வெளியே தள்ளிக்கொண்டு வரப்பட்டபோது, பல்வலிக்கு வந்திருந்த ஒரு பெண் எழுந்து, அந்த நீலக் கோடு நேராகத்தான் இருந்ததா என்று கேட்டாள். சுவரில் தான் இழுத்த நீலக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் சாரத்தில் ஓரடி பின்னால் வைத்திருந்தார். அங்கே சாரம் இல்லை. “நேராத்தாங்க இருந்துச்சு” என்றார் பெயிண்டர். கூடத்தில் முப்பத்தொரு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த வாரத்திலேயே மணிக்கட்டு இரண்டு, தோளின் காறை எலும்பு ஒன்று, கணுக்கால் ஒன்று என்று வந்த எல்லாமே இப்படிப் பங்கு பிரிந்தன. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். “நான் காய்ச்சலுக்கு வந்தேனா, அடுத்தவன் கைவலிக்கு வந்தேனா?” என்று ஒருவர் மேசையைத் தட்டினார். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூட்டம் போட்டார். மூன்று மணி நேரம் பேசிவிட்டு, கூடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள்: ‘இங்கே அமர்வோருக்குப் பிறர் வலியில் ஒரு பங்கு வரக்கூடும். ஐந்து நிமிடத்தில் போய்விடும். பதற வேண்டாம்.’ பங்கு வேண்டாதவர்களுக்காக வாசலுக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் தனியாக ஒரு பெஞ்சு போடப்பட்டது. முதல் வாரம் அந்தப் பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. மூன்றாவது வாரம் அதில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. காரணம் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு யார் எப்படி விழுந்தார்கள் என்பது சுடச்சுடத் தெரிந்துவிடுகிறது, வெளியே இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதை யாராலும் பொறுக்க முடியவில்லை. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நெஞ்சு பலவீனமானவர்களையும் வலி தானாகவே தாண்டிப் போனது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கோட்டுப் பையில் சாவி வைத்திருந்த எலும்பு டாக்டர் படிப்பாளி. எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். கதவு திறந்திருக்க வேண்டும், முறிந்த இடத்தை யாராவது இரண்டு கையாலும் தாங்கியிருக்க வேண்டும் என்பதை அவர் பத்தே நாளில் கண்டுபிடித்தார். முன்கை எலும்புக்குக் கூடத்தில் இருபது பேர் இருந்தால் கொசுக்கடி, பத்துப் பேர் என்றால் கிள்ளு, ஐந்து பேர் என்றால் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை. மருந்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள முடியாது, மருந்து உடம்பில் ஏறுகிற அந்த இருபது நிமிஷத்துக்குத்தான் இது என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அலமாரியின் இரண்டாவது பூட்டுக்கு இன்னொரு சாவியும் செய்து பஞ்சு சிஸ்டரிடம் கொடுத்தார். கடைசியாக ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. மூட்டை தூக்குகிற ஒருவர், ஆள் கதவு அகலம், மீசை அதற்குமேல், கையெலும்பு இரண்டாக முறிந்து வந்தார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கூடத்தில் நாற்பது பேர் கையை நீட்டித் தயாராக உட்கார்ந்திருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவர் மயங்கியே விழுந்தார். வலியைத் தன் வாயால் சொல்கிறவருடைய வலிதான் பங்கு பிரியும், இல்லை என்கிறவருடைய வலி அவரை விட்டு எங்கேயும் போகாது என்று டாக்டர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பஞ்சு சிஸ்டருக்கு ஒரு நாத்தனார் உண்டு. கணவரின் அக்கா. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு முப்பது வருஷமாக அவள் போட்ட சத்தத்தில்தான் அந்த ஊரே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது. பிரேக் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் படித்தவர்கள் வயதாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும், தெருவில் யாராவது “பிரேக்!” என்று கத்தினால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே வலது காலை ஓங்கி மிதிப்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு பஞ்சு சிஸ்டரும் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். நாலாவது நாள், நாற்சந்தியின் நட்டநடுவில், பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சை மிதித்தாள். “உனக்கு இந்த ஜென்மத்துல ஸ்டியரிங் வராது” என்று நாத்தனார் சொன்னது நாலு தெருவுக்கும் கேட்டது. பஞ்சு சிஸ்டர் காரை அங்கேயே நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, நேராக வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு. மாடியில் நாத்தனார், கீழே இவர்கள். பேச வேண்டியதையெல்லாம் கணவர்தான் மேலும் கீழும் சுமந்தார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர், உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர். ஆனால் பதினோரு வருஷப் படிக்கட்டில் அவர் கெண்டைக்கால் ஓட்டப்பந்தய வீரருடையதுபோல் ஆகியிருந்தது.

கூடம் பங்கு பிரிக்க ஆரம்பித்த ஏழாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனாரை இரண்டு கொத்தனார்கள் ஒரு கதவின்மேல் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது தொடையெலும்பு முறிந்திருந்தது. தொடை இரண்டு மடங்கு வீங்கி, கால் நாலு விரல் அளவு குறைந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. டிரைவிங் ஸ்கூல் போர்டைத் துடைக்க ஏணியில் ஏறியபோது விழுந்துவிட்டதாக அவளே டாக்டரிடம் சொன்னாள். அப்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் இருந்தது மூன்றே பேர். ஒருவர் காதுவலிக்காரர், ஒருத்தி பச்சைக் குழந்தைக்காரி, இன்னொருவர் வாசல் காவலாளி.

டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நாடி கிடைக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. காலை இழுத்து நேராக்கி எடை கட்டியாக வேண்டும், அதுவும் அரை மணிக்குள். இரத்தமெல்லாம் தொடைக்குள் இறங்கிவிட்டதால் இரத்த அழுத்தம் தாழ்ந்து கிடந்தது. வலி ஊசியில் கால் பங்குக்குமேல் போட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இரத்தம் உறையாமலிருக்க அவள் மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் இடுப்பு மடிப்பில் ஆழமாகப் போடுகிற மரப்பு ஊசியும் ஆகாது. அவர் பஞ்சு சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்படியே இழுத்தா அந்த வலியை இவங்க இதயம் தாங்காது சிஸ்டர். தொடையெலும்புக்கு அறுபது பேராவது வேணும்” என்றார். பஞ்சு சிஸ்டர் கணவருக்குப் போன் போட்டாள். உங்கள் அக்காவுக்குத் தொடை முறிந்திருக்கிறது, ஆள் வேண்டும், எத்தனை பேர் வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். தூது போவதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை.

அதற்குள் உள்ளே டாக்டர் நாத்தனாரிடம், எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டார்.

“வலியா? எனக்கா? அந்த சிஸ்டர்கிட்ட சொல்லுங்க டாக்டர், எனக்கு வலியே இல்லை.”

“அவங்ககிட்ட சொல்லுங்க டாக்டர்,” என்றாள் பஞ்சு சிஸ்டர், தொடையின் இரு பக்கமும் கையைக் கொடுத்துத் தாங்கியபடி. “முகம் சுண்ணாம்பா வெளுத்திருக்கு. உதட்டைக் கடிச்சு ரத்தம் வருது.”

“அந்த சிஸ்டருக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்னு சொல்லுங்க டாக்டர்.”

டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டே நிமிஷத்தில் அவருக்குக் கழுத்து வலித்தது. பஞ்சு சிஸ்டர் நாத்தனாரின் உடுப்பின் ஓரத்தைப் பார்த்தாள். பல் பல்லாகக் கறுப்புக் கறை, சங்கிலி கடித்ததுபோல. அவள் டாக்டரிடம், எடை கட்டும் கயிறும் கப்பியும் வார்டில் இருக்கின்றன, நீங்களே போய்ப் பார்த்து எடுத்து வந்தால் நல்லது என்று சொன்னாள். டாக்டர் தப்பித்தோம் என்று போனார். காலைத் தாங்கிய கையை எடுக்காமல், அவள் பதினோரு வருஷத்துக்குப் பிறகு நாத்தனாரிடம் நேராகப் பேசினாள்.

“அண்ணி, ஏணிக்கு ஏது கிரீஸ்?”

நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சைக்கிளா?”

“சத்தம் போடாதே!” என்று நாத்தனார் பல்லைக் கடித்தாள். அப்புறம் கூரையிடமே சொல்வதுபோல, “சின்ன வயசுல எங்க வீட்டுல சைக்கிளைத் தொட விடல. பெரிசானதும் நேரா காருக்குப் போயிட்டேன். ஊருக்கே வண்டி சொல்லிக் குடுக்குறவளுக்கு சைக்கிள் தெரியாதுன்னா வெளியில சொல்ல முடியுமா? மூணு வாரமா, அந்தப் பழைய கிடங்குக்குப் பின்னால, யாரும் இல்லாத நேரமாப் பார்த்து...”

“வந்துச்சா?”

“இன்னைக்குத்தான் வந்துச்சு,” என்றாள் நாத்தனார். அந்த வெளுத்த முகத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. “ஒரு முப்பது அடி இருக்கும். யாரும் பிடிக்காம, நானா போனேன். அந்தச் சந்தோஷத்துல...” அவள் நிறுத்திக்கொண்டாள்.

“சந்தோஷத்துல?”

“பிரேக் பிடிக்க மறந்துட்டேன்.”

பஞ்சு சிஸ்டர் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள். சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் எலும்பு ஆடும். அந்த ஒரே காரணத்துக்காக அவள் சிரிப்பை வயிற்றுக்குள்ளேயே அடக்கி வைத்தாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. கணவர் வீடு வீடாகப் போயிருக்கவில்லை. கடைவீதியின் முக்கில் நின்று, பிரேக் அக்காவுக்கு அடிபட்டுவிட்டது என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். அது போதுமானதாக இருந்தது. கார்கள் வந்தன, ஸ்கூட்டர்கள் வந்தன, தண்ணீர் லாரி ஒன்று வந்தது, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிய பஸ் ஒன்று மாப்பிள்ளை வீட்டாரோடு அப்படியே திரும்பி வந்தது. எல்லோரும் விளக்கைப் போட்டுத் திரும்பி, ஒரே கோட்டில் ஒரு சாண் இடைவெளிவிட்டு நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அவ்வளவு ஒழுங்காக வண்டிகள் நின்றதை அந்த ஆஸ்பத்திரி வாசல் அதற்கு முன்பு கண்டதில்லை. கூடத்தில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். காவலாளி எண்ணிப் பார்த்து, தன்னையும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார்.

“எல்லாரும் உங்க பிள்ளைங்கதான் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“சொன்னா அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோகும். பிரேக் பிடிக்கத் தெரியாதவள்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுமே. நாலு ரோடு நடுவுல காரை விட்டுட்டு நான் நடந்தப்ப சிரிச்சாங்களே, செத்தா போயிட்டேன்?”

“நீ மிதிச்சது கிளட்ச்.”

“ஆமா, கிளட்ச்தான். தப்புத்தான். யாரு இல்லைன்னா?” பஞ்சு சிஸ்டருக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவள் கண்ணெதிரே பாதம் இன்னும் வெளுத்துக்கொண்டே போனது. “அண்ணி, பதினெட்டு வருஷமா வலிச்சா பொறுத்துக்கோங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இந்தக் காலு போச்சுன்னா அப்புறம் காரும் இல்ல, சைக்கிளும் இல்ல. எனக்கு உங்க சத்தம் மாடியில கேட்டுக்கிட்டே இருக்கணும். வலிக்குதா, இல்லையா?”

நாத்தனார் கூரையிலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தாள். உதடு கோணியது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு முறைகூட அவள் வாயிலிருந்து வராத வார்த்தை வெளியே வந்தது.

“வலிக்குதுடி,” என்றாள். “உயிரே போகுதுடி.”

கூடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேரும் இடது தொடையைப் பிடித்துக்கொண்டார்கள். அது கிள்ளுக்கும் கீழே, எறும்புக்கடிக்குக் கொஞ்சம் மேலே என்று பிற்பாடு டாக்டர் எழுதி வைத்தார். அதன் பின்னாலேயே மற்றது வந்தது. முகத்தில் காற்று, கிடங்குச் சுவர் பக்கவாட்டில் ஓடுகிறது, பின்னால் யாரும் பிடித்திருக்கவில்லை, ஐம்பத்தெட்டு வயதில் முப்பது அடி தூரம் பூமியில் கால்படாமல் போகிற ஒரு குதூகலம். தண்ணீர் லாரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் வந்தது. பிறகு எதிரே ஒரு சுவர் வந்தது. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அத்தனை பேரும் அவளிடம் படித்தவர்கள் ஆதலால், “பிரேக்!” என்று ஒரே குரலில் கத்தி, நூற்று நாற்பத்து மூன்று வலது கால்களால் தரையை ஓங்கி மிதித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதுவரைக்கும் அது மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் நில அளவையாளர் வந்து பார்த்து, கட்டடம் கட்டிய இடத்திலிருந்து தெற்கே நாலடி தள்ளி இருப்பதாகவும் இனிமேல் நகராது என்றும் எழுதிக் கொடுத்தார்.

கயிறோடு திரும்பி வந்த டாக்டர் காலைப் பிடித்து இழுத்தார். கடக்கென்று ஒரு சத்தம். நாத்தனார், “மெதுவா, மெதுவா, இன்டிகேட்டர் போட்டுத் திரும்புங்க” என்றாள். தொடை நேரானது. பஞ்சு சிஸ்டர் பாதத்தின்மேல் விரல் வைத்துக் காத்திருந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு, அப்புறம் சீராக. பாதம் மெல்லச் சூடேறியது. அவள் அப்போதுதான் வயிற்றில் அடக்கி வைத்திருந்த சிரிப்பை வெளியே விட்டாள். அது வரும்போது பாதி அழுகையாக வந்தது. நாத்தனாரும் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். கூடத்தில் அத்தனை பேருக்கும் தொடையில் இன்னொரு முறை எறும்பு கடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

நாலாவது நாள் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். பஞ்சு சிஸ்டர் நாத்தனாரைக் கீழ்வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். இருவரும் பதினோரு வருஷத்துப் பேச்சை மூன்று வாரத்தில் பேசித் தீர்த்தார்கள். அதில் பாதி சண்டைதான், ஆனாலும் நேர்ச் சண்டை. தூது போகும் வேலை ஒழிந்த கணவர் முதலில் வீட்டில் எங்கே நிற்பது என்றே தெரியாமல் தவித்தார். பிறகு தொப்பை போட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில், கிடங்குக்குப் பின்னால் நாத்தனார் சைக்கிளில் ஏறி உட்கார, பஞ்சு சிஸ்டர் பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். “பிரேக், அண்ணி, பிரேக்!” என்று அவள் போட்ட சத்தம் நாலு தெருவுக்கும் கேட்டது. அடுத்த வருஷம் அவளும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று முறை தேர்வில் தோற்று, நாலாவது முறை தேறினாள். இன்றைக்கும் அவள் வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுக்க மாட்டாள். நாத்தனார் இறங்கிப் போய்க் கை காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அதன் பிறகு சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. எலும்பு முறிந்தவர் வந்த பத்து நிமிஷத்துக்குள் வலி ஊசி போட்டுவிட வேண்டும் என்று எழுத்தில் விதி வந்தது. கூடம் பங்கு பிரிப்பதால் அதற்கு என்ன அவசரம் என்று கேட்ட அதிகாரியைக் கூடத்திலேயே ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள், மறுநாள் அவரே கையெழுத்துப் போட்டார். கூடம் இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டப்பட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து உட்காருவார்கள். நாத்தனார் வியாழக்கிழமைகளில் வருவாள். மூட்டை தூக்குகிற மீசைக்காரர்கூட விரலில் நகம் பெயர்ந்தால் வந்து, “வலிக்குதுங்க” என்று கூசாமல் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். நகத்துக்கெல்லாம் பங்கு கிடையாது என்று பஞ்சு சிஸ்டர் அவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு பிற்பகலில், வேறு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி வயிற்றுக் கோளாறுக்கு மருந்து வாங்கக் கூடத்தில் காத்திருந்தார். திடீரென்று அவர் வலது மணிக்கட்டை உதறிக்கொண்டு துள்ளி எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். கூடம் முழுக்க எல்லோரும் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை படிக்கிறவர் ஒரு கையால் பக்கத்தைத் திருப்பினார். உள்ளேயிருந்து கட்டுத் துணி எடுக்க வந்த பஞ்சு சிஸ்டர் கதவருகே நின்று அவரைப் பார்த்தாள். பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண் ஊசியை மடியில் வைத்துவிட்டு, “ஒண்ணும் இல்லைங்க. யாரோ ஒரு பொண்ணு கயிறு தாண்டி விளையாடும்போது விழுந்துட்டா. நூத்து ஏழாவது தாண்டல். அஞ்சு நிமிஷத்துல போயிடும்” என்றாள்.

வியாபாரி மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“நூத்து ஏழா?” என்றார். பிறகு உட்கார்ந்து, மற்றவர்களைப்போலவே இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.